ரத்தத்தை நிறுத்தும் களிமண்... அதுக்காக தெருமண்ணை அள்ளி அப்பிடாதீங்க!

சின்ன வயசுல ஓடிப் பிடிச்சு விளையாடும்போது விழுந்து முட்டி பேர்ந்திருக்கும். வீட்டுக்குத் தெரிஞ்சா காயத்தை விட அடி அதிகமா விழும். அதனால கீழே கிடக்குற மண்ணை ஒரு சிட்டிகை அள்ளி காயத்துல அப்பிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடியும் ஓடியிருப்போம். கொஞ்ச நேரத்துல ரத்தமும் நின்னுடும்.

'எல்லாம் நம்ம மனப்பிரமை' என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மண்ணுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உண்மையிலேயே ஒரு ரசாயன உறவு இருக்கிறது. அந்த உறவை வைத்துத்தான் அமெரிக்க ராணுவம் தன் வீரர்களின் முதலுதவிப் பையில் களிமண் தடவிய துணியை வைத்திருக்கிறது.

ஆனால், அந்தக் களிமண்ணும் நம்ம தெருமண்ணும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கண்ணாடியில் உறையாத ரத்தம்

கதை 1950-களில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் ஆரம்பிக்கிறது. ஜான் ஹேக்மேன் என்ற ரயில்வே ஊழியருக்கு ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமான ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கண்ணாடிக் குழாயில் எடுத்த அவருடைய ரத்தம் நீண்ட நேரமாகியும் உறையவே இல்லை. டாக்டர்களுக்கு ஒரே குழப்பம். ஏனென்றால், அந்த மனிதருக்கு அதுவரை அடிபட்டு ரத்தம் நிற்காமல் போனதாக ஒரு சம்பவம்கூட இல்லை.

ஆஸ்கர் ராட்னாஃப் என்ற டாக்டர் இதை ஆராய்ந்தார். ஹேக்மேனின் ரத்தத்தில் ஒரே ஒரு புரதம் இல்லை என்பது தெரிந்தது. அந்தக் கண்டுபிடிப்பு 1955-ல் வெளியானது. இன்று அந்தப் புரதத்துக்குப் பெயர் 'ஃபேக்டர் 12'. 'ஹேக்மேன் ஃபேக்டர்' என்றும் சொல்வார்கள்.

ரத்தம் உறைவது, வரிசையாக அடுக்கி வைத்த சீட்டுக்கட்டைத் தள்ளிவிடுவது மாதிரி. ஒரு புரதம் அடுத்த புரதத்தை உசுப்பும், அது அதற்கடுத்ததை உசுப்பும். கடைசியில் ஃபைப்ரின் என்ற நார் வலை உருவாகி, ரத்த அணுக்களை அதில் சிக்க வைத்து அடைப்பு போட்டுவிடும். இந்த வரிசையின் ஒரு முனையில் நிற்பதுதான் ஃபேக்டர் 12. எதிர்மின்சுமை உள்ள ஒரு மேற்பரப்பைத் தொட்டதும் இது விழித்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அந்தக் குணம் உண்டு. களிமண்ணுக்கும் உண்டு!

ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ஏ.பி.டி.டி' என்று ஒரு வரி இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? உங்கள் ரத்தம் எத்தனை விநாடியில் உறைகிறது என்பதைக் காட்டும் சோதனை அது. இந்தச் சோதனையில் ரத்தத் திரவத்தை உசுப்பிவிட கேயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைச் சேர்க்கும் முறை 1961-லேயே வந்துவிட்டது. போர்க்களத்துக்குப் போவதற்குப் பல வருஷம் முன்பே களிமண் லேபுக்குள் நுழைந்துவிட்டது.

திமிங்கிலத்துக்கு இல்லை, நமக்கு இருக்கு... ஏன்?

ஃபேக்டர் 12 இல்லாத ஹேக்மேனுக்கு ரத்தப்போக்கு பிரச்னையே இல்லை. பிறகு எதற்காக அந்தப் புரதம் நம் உடம்பில் இருக்கிறது? இந்தக் கேள்வி விஞ்ஞானிகளை ரொம்ப காலம் குடைந்தது.

ஒரு துப்பு விலங்குகளிடம் இருந்தது. கடலிலேயே வாழும் திமிங்கிலம், டால்ஃபின்களுக்கு வேலை செய்யும் ஃபேக்டர் 12 கிடையாது. பறவைகளுக்கும் கிடையாது. தரையில் நடமாடும் பாலூட்டிகளுக்கு இருக்கிறது.

2020-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் காஸ்ட்ரப் குழு இதற்கு ஒரு சுவாரசியமான விளக்கம் தந்தது. மண்ணில் நிறைந்திருக்கும் சிலிக்கேட்கள் ஃபேக்டர் 12-ஐ உசுப்பி, தரைவாழ் பாலூட்டிகளின் ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். தரையில் விழுந்து அடிபட்டால் காயத்தில் மண் படும். மண் பட்டதும், 'வெளியில ஓட்டை விழுந்திருக்கு, அடைச்சிடு' என்று உடம்புக்குத் தகவல் போவது மாதிரிதான் இது.

அப்போ சின்ன வயசில் நாம செஞ்சது சரிதானா? அவசரப்படாதீங்க. அதே குழு கையோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தது. சுத்தம் செய்யாத மண்ணைக் காயத்தில் வைத்தால் உயிரைக் குடிக்கும் தொற்று வரலாம்.

தெருமண்ணில் என்ன இருக்கு?

தெருமண்ணில் களிமண் துகள் மட்டுமா இருக்கிறது? மாட்டுச் சாணம், நாய் மூத்திரம், சாக்கடைத் தண்ணீர் என்று எல்லாம் கலந்திருக்கும். இவற்றுக்கு நடுவே டெட்டனஸ் கிருமியின் வித்துகளும் இருக்கும். இந்த வித்து மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் எளிதில் சாகாது. காற்றுப் புகாத ஆழமான காயத்துக்குள் போய்விட்டால் முளைத்து நஞ்சைக் கக்கும். தாடை இறுகும், உடம்பு வில்லாய் வளையும்.

முன்பெல்லாம் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் சாணம், மண், சாம்பல் என்று தடவும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பச்சிளம் குழந்தைகள் டெட்டனஸில் சாக அது ஒரு முக்கியக் காரணம். தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவிய பிறகுதான் நிலைமை மாறியது. பச்சிளம் குழந்தைகளையும் தாய்மார்களையும் தாக்கும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல்தான் அறிவிக்கப்பட்டது.

மலையில் பிறந்த வெள்ளைக் களிமண்

மருத்துவத்தில் பயன்படும் களிமண்களில் முக்கியமானது கேயோலின். சீனாவில் பீங்கானுக்குப் பேர் போன ஜிங்டெஷன் ஊருக்குப் பக்கத்தில் 'காவோலிங்' என்று ஓர் இடம் இருக்கிறது. 'உயர்ந்த மலைமுகடு' என்று அர்த்தம். அங்கே தோண்டிய வெள்ளை மண்ணுக்கு அந்த ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டது.

பீங்கான் கப், வழவழப்பான காகிதம், முகத்துக்குப் போடும் ஃபேஸ் பேக் என்று நீங்கள் தினமும் புழங்கும் பல பொருள்களில் கேயோலின் இருக்கிறது. அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவை சேர்ந்த கனிமம் இது. தட்டு தட்டாக அடுக்கிய நுண்ணிய துகள்கள். அந்தத் தட்டுகளின் எதிர்மின்சுமைதான் ஃபேக்டர் 12-ஐ உசுப்புகிறது.

போர்க்களத்தில் படித்த பாடம் 1: சூடு

ஆனால், ராணுவத்துக்கு முதலில் போனது கேயோலின் அல்ல. அதன் உறவுக்காரரான ஜியோலைட். இதுவும் அலுமினியமும் சிலிக்கானும் சேர்ந்த கனிமம்தான். ஆனால், களிமண் கிடையாது. உடம்பு முழுக்க நுண்துளைகள் உள்ள சல்லடை மாதிரியான பொருள். கொரோனா காலத்தில் வீடு வீடாக ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் தேடி அலைந்தோமே, அந்த மெஷினுக்குள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைப்பது ஜியோலைட்தான்.

1980-களில் ஃபிராங்க் ஹர்சி என்ற அமெரிக்க இன்ஜினீயர், ஜியோலைட் ரத்தத்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி, உறைதலை வேகப்படுத்துவதைக் கவனித்தார். இவர் டாக்டர் இல்லை. பல வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு பார்ட் கல்லாங் என்பவருடன் சேர்ந்து 'குவிக்கிளாட்' என்ற பெயரில் அதை மருந்துப் பொருளாக்கினார். 2002-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. ஆப்கானிஸ்தான், இராக் போர்களுக்குப் பாக்கெட் பாக்கெட்டாகப் போனது.

ரத்தம் நின்றது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. ஜியோலைட் தண்ணீரை உறிஞ்சும்போது சூட்டை வெளியிடும். காயத்தைச் சுற்றியிருந்த தோலும் சதையும் வெந்து போயின. தவிர, காயத்துக்குள் கொட்டிய குருணையைப் பிறகு தேடித் தேடி எடுப்பது டாக்டர்களுக்குப் பெரிய தலைவலி.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் கேலன் ஸ்டக்கி என்ற வேதியியல் பேராசிரியரின் குழு இதற்கு மாற்று தேடியது. கிடைத்தது கேயோலின். உறைதலை உசுப்பும், ஆனால் சூடு கிளப்பாது. குருணையாகக் கொட்டாமல், காஸ் துணியில் ஒட்ட வைத்தார்கள். வேலை முடிந்ததும் துணியை உருவினால் போதும். 'காம்பாட் காஸ்' இப்படித்தான் பிறந்தது. 2008-ல், போர்க்கள முதலுதவிக்கு வழிகாட்டும் அமெரிக்கக் குழு, டூர்னிகே கட்ட முடியாத இடத்து ரத்தப்போக்குக்கு இதைத்தான் முதல் தேர்வாகச் சொன்னது.

பாடம் 2: நிறுத்தத் தெரிந்தால் மட்டும் போதாது

அதே சமயத்தில் 'வூண்ட்ஸ்டாட்' என்று இன்னொன்றும் வந்தது. ஸ்மெக்டைட் என்ற களிமண்ணின் குருணை. தண்ணீர் பட்டால் ஊதிப் பெருத்து, பிசைந்த மாவு மாதிரி காயத்தில் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தை நிறுத்துவதில் கெட்டிக்காரன். 2008-ல் இரண்டாவது தேர்வாகவும் அதற்கு இடம் கிடைத்தது.

அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் பன்றிகளிடம் இதைச் சோதித்தார்கள். ரத்தம் நின்ற பிறகு களிமண்ணைக் கழுவி எடுத்து, ரத்தக் குழாயைத் தைத்துச் சரி செய்தார்கள். ஆனாலும் குழாய்க்குள் துகள்கள் மிச்சம் இருந்தன. அவை உள்ளேயே ரத்தத்தை உறைய வைத்துக் குழாயை அடைத்தன. சில பன்றிகளின் நுரையீரலுக்கே உறைகட்டி போயிருந்தது. 2009-ல் வூண்ட்ஸ்டாட் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் சுத்திகரித்து, அரசு அனுமதி வாங்கிய களிமண்ணே ரத்தக் குழாய்க்குள் புகுந்து ஆபத்தானது. அப்படியென்றால் ரோட்டோரம் அள்ளும் மண்ணைப் பற்றி என்ன சொல்ல?

களிமண் காஸ் எப்படி வேலை செய்யும்?

இது பேண்ட்-எய்ட் மாதிரி மேலே ஒட்டுவது அல்ல. சுமார் 3 அங்குல அகலமும் 12 அடி நீளமும் உள்ள துணி. ஆழமான காயத்துக்குள், ரத்தம் எங்கிருந்து பீறிடுகிறதோ அங்கேயே விரலால் திணித்து நிரப்ப வேண்டும். பிறகு குறைந்தது 3 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 'மருந்து வெச்சாச்சு, தானா நின்னுடும்' என்று கையை எடுத்துவிடக் கூடாது. பீறிடும் ரத்தத்தின் வேகத்தைக் குறைப்பது உங்கள் கை. அந்த அவகாசத்தில் உறைகட்டியைச் சீக்கிரம் உருவாக்குவதுதான் களிமண்ணின் வேலை.

இதற்கு எல்லையும் உண்டு. கேயோலின் தானாக அடைப்பு போடாது, உங்கள் ரத்தத்தில் இருக்கும் புரதங்களைத்தான் வேலை வாங்கும். அடிபட்டவரின் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ அதன் பலன் குறையலாம். இதனால்தான் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசான் தடவிய காஸும் புழக்கத்தில் இருக்கிறது. அது ரத்த அணுக்களை நேரடியாகவே ஒட்ட வைத்துவிடும்.

புண்ணை ஆற்றுமா களிமண்?

ரத்தம் நிறுத்துவது ஒரு வேலை, கிருமியைக் கொல்வது வேறு வேலை. இதிலும் களிமண்ணுக்கு ஒரு கதை இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் புரூலி அல்சர் என்ற கொடுமையான தோல் நோய் உண்டு. சதையைத் தின்றுகொண்டே போகும். லைன் புருனே தெ கூர்சு என்ற பிரெஞ்சுப் பெண்மணி, பிரான்ஸிலிருந்து வந்த பச்சைக் களிமண்ணைக் குழைத்துப் பூசி நோயாளிகளைக் கவனித்தார். அவர் வைத்திருந்த படங்கள் ஆராய்ச்சியாளர்களின் கவனத்தை ஈர்த்தன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லிண்டா வில்லியம்ஸ், ஷெல்லி ஹேடல் இருவரும் அந்தக் களிமண்ணைச் சோதித்தார்கள்.

2008-ல் வந்த முடிவு ஆச்சரியமானது. இரண்டு பிரெஞ்சுக் களிமண்களை எடுத்தார்கள். கனிம அமைப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று, ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத கிருமிகளையும் சோதனைக் குழாயில் கொன்றது. இன்னொன்று, கிருமிகள் நன்றாக வளரவே உதவியது! களிமண்ணிலிருந்து கரைந்து வரும் இரும்பு, அலுமினியம் அயனிகள்தான் கிருமியைக் கொல்கின்றன என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது.

ஆக, நிறத்தைப் பார்த்தோ, தொட்டுப் பார்த்தோ நல்ல மண் எது, கெட்ட மண் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆன்லைனில் விற்கும் 'ஹீலிங் கிளே' பாக்கெட் முகத்துக்குப் போடுவதற்காக இருக்கலாம். திறந்த புண்ணுக்கு அது மருந்து இல்லை. குறிப்பாக, சர்க்கரை நோயாளிகள் கால் புண்ணில் இந்தச் சோதனையே வேண்டாம்.

அடுத்தது... ஊசியில் போகும் களிமண்

மண்ணைத் துணியில் ஒட்டியாச்சு. அடுத்து? ஜெல்லாக மாற்றியாச்சு. லேபில் செயற்கையாகச் செய்யும் நானோ களிமண்ணையும் ஜெலட்டினையும் கலந்தால் ஒரு வினோதமான ஜெல் கிடைக்கிறது. அழுத்தினால் இளகி ஊசி வழியாக ஓடும், அழுத்தம் போனதும் இறுகிவிடும். தக்காளி சாஸ் பாட்டிலைத் தட்டினால் சாஸ் இளகி வருவது மாதிரி. ரத்தம் உறையும் நேரத்தை இந்த ஜெல் வெகுவாகக் குறைப்பதாக அகிலேஷ் கஹர்வார், அலி கதம்ஹுசைனி உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் எழுதினார்கள். இதே வகைக் கலவையில் உருவான 'ஒப்சிடியோ' ஜெல்லுக்கு 2022-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. மெல்லிய குழாய் வழியாக உடம்புக்குள் அனுப்பி, ரத்தம் கசியும் குழாயையோ, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயையோ டாக்டர்கள் இதை வைத்து அடைக்கிறார்கள்.

வூண்ட்ஸ்டாட்டை வீழ்த்தியது, ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்த குணம். அதே குணம், சரியான கையில், சரியான இடத்தில் சிகிச்சையாக மாறிவிட்டது.

சரி, ரோட்டில் நம்ம முன்னாடி ஒருத்தர் விழுந்தா?

2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். நம் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம். பெரிய தமனி அறுந்தால் ஆம்புலன்ஸ் வரும் வரை கூடத் தாங்காது. அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவர்தான் டாக்டர். களிமண் காஸ் உங்கள் வண்டியில் இருக்காது. பரவாயில்லை. இதைச் செய்யுங்கள்.

* முதலில் 108-க்கு போன் போடுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைப் போடச் சொல்லுங்கள்.
* துப்பட்டா, கைக்குட்டை, டி-ஷர்ட் என்று கிடைத்த சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்காதீர்கள். எடுத்தால் உருவான உறைகட்டியும் சேர்ந்து வந்துவிடும்.
* துணி நனைந்துவிட்டால், அதை எடுக்காமல் மேலேயே இன்னொரு துணி வைத்து அழுத்துங்கள்.
* கை, காலில் ஆழமான காயம் என்றால் துணியைக் காயத்துக்குள் திணித்து அழுத்தலாம். நெஞ்சு, வயிற்றுக் காயத்தில் எதையும் திணிக்கக் கூடாது.
* கம்பி, கண்ணாடி குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். அதைச் சுற்றி அழுத்துங்கள்.
* கை, காலில் அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால், காயத்துக்கு 2, 3 அங்குலம் மேலே, மூட்டில் படாமல், அகலமான துணியால் ரத்தம் நிற்கும் வரை இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். இது ரத்தப்போக்குக்கு மட்டும். பாம்புக்கடிக்கு இப்படிக் கட்டவே கூடாது.
* போர்வையோ, சட்டையோ போர்த்தி உடம்பைச் சூடாக வையுங்கள். சில்லிட்ட ரத்தம் சீக்கிரம் உறையாது.
* மண், காபித்தூள், மஞ்சள்தூள், சாம்பல், டூத்பேஸ்ட்... எதுவுமே வேண்டாம். ஆஸ்பத்திரியில் இவற்றைக் கழுவி எடுப்பதற்கே நேரம் போய்விடும்.
* காயத்தில் மண் பட்டிருந்தால், சின்னக் காயமாக இருந்தாலும் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

'உதவி செய்யப் போய் போலீஸ் கேஸ்ல மாட்டிக்குவோமோ' என்று பயப்பட வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலிடப்பட்ட ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, அரசு வகுத்த உச்சவரம்புக்குள் இலவசமாகப் பெறலாம்.

பைக்கின் சீட்டுக்கு அடியில் ரெண்டு காஸ் ரோல், ஒரு ஜோடி கையுறை போட்டு வைக்க இடம் இருக்கும். மருந்துக்கடையில் சாதாரண காஸ் மலிவுதான். களிமண் இல்லாத காஸாக இருந்தாலும், காயத்தில் வைத்துச் சுமார் 10 நிமிடம் விடாமல் அழுத்தினால் அதுவே பல உயிர்களைக் காப்பாற்றும். களிமண் அந்த நேரத்தைக் குறைக்கும் உதவியாள் மட்டும்தான். முதல் மருந்து, எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்கும் உங்க ரெண்டு கை!